பத்துமா என்று கேட்கும் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர்களுக்கு,

வணக்கம். எடிசனோ, ஃபிரிஸ்கோவோ, ஃப்ரீமாண்டோ, எந்த ஊரில் இருந்தாலும் சரி, வீட்டில் பத்தாவது பதினொன்றாவது படிக்கும் பிள்ளை இருந்து, இன்ஜினியரிங் என்றால் எம்ஐடி, கால்டெக், ஜார்ஜியா டெக், பர்டியூ என்று ஒரு பட்டியலும் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான். (எம்ஐடி என்றால் இங்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். குரோம்பேட்டை எம்ஐடியில் படித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

நான் நியூ ஜெர்சியில் ஒரு பப்ளிக் ஹைஸ்கூலில் பிசிக்ஸ் எடுக்கிறவன். ஒவ்வொரு வருடமும் செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரைக்கும் மாலை நேரமெல்லாம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவதில் போகும். தமிழ்ப் பள்ளி வாசலில், பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில், கோயில் பார்க்கிங்கில், என்னைப் பார்த்தவுடன் வருகிற கேள்வி ஒன்றுதான். "சார், பையனுக்கு எஸ்ஏடி 1540. பத்துமா?" அடுத்தவர், "பொண்ணு ஒன்பது ஏபி எடுத்திருக்கா சார், பத்துமா?" மதிப்பெண் மாறும், எண்ணிக்கை மாறும், கேள்வி மட்டும் மாறாது. (எஸ்ஏடி என்பது கல்லூரியில் சேர எழுதுகிற தேர்வு, கணிதம் 800, மொழி 800, மொத்தம் 1600. ஏபி என்பது ஹைஸ்கூலிலேயே படிக்கிற கல்லூரித் தரப் பாடம், அதன் தேர்வில் அதிகபட்ச மதிப்பெண் ஐந்து.)

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும், நானும் அங்கிருந்து வந்தவன்தான். நம்மில் பலர் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு, டிஎன்பிசிஇஇ, எழுதியவர்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வின் 100ஐக் கூட்டி, 300க்குக் கட்-ஆஃப் போட்டுக்கொண்டு, அப்பாவோடு பஸ் பிடித்து அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்குப் போய், திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். 2007இல் அந்த நுழைவுத் தேர்வு போய்விட்டது, இப்போது கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு மட்டும்தான் கணக்கு. எதுவானாலும் அங்கே "பத்துமா" என்பதற்குப் பதில் உண்டு. போன வருடம் கிண்டியில் இசிஇ எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்று பார்த்தால் போதும். அரை மார்க்கில் பிராஞ்ச் மாறிப் போகும். அந்த முறையை நான் கேலி செய்யவில்லை, அதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது: ராமநாதபுரத்தில் கூலி வேலை செய்கிறவரின் மகளும் சென்னையில் டாக்டரின் மகனும் அவரவர் எடுத்த மார்க்கோடு வெளிப்படையாக நிற்கிறார்கள், யாருக்கு ஏன் கிடைத்தது என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இந்த நாட்டுக் கல்லூரிகளிடம் அந்த வெளிப்படைத்தன்மை இல்லவே இல்லை. அதில் உங்களுக்கு வருகிற எரிச்சல் எனக்கும் உண்டு.

ஆனால் எரிச்சல் வேறு, இல்லாத கட்-ஆஃபை இருப்பதாக நினைத்துக்கொண்டு பிள்ளையின் மூன்று வருடத்தைச் செலவழிப்பது வேறு.

இங்கே தேர்வு எதற்கு இருக்கிறது என்பதை எம்ஐடியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. கோவிட் சமயத்தில் எஸ்ஏடி வேண்டாம் என்று விட்டிருந்தவர்கள் 2022 மார்ச்சில் திரும்பவும் கட்டாயமாக்கினார்கள். அப்போது அட்மிஷன் டீன் ஸ்டூ ஷ்மில் நீளமாக ஒரு விளக்கம் எழுதினார். அதன் சாரம் இவ்வளவுதான்: எம்ஐடியில் யார் எந்தத் துறைக்குப் போனாலும் இரண்டு பருவம் கேல்குலஸ், இரண்டு பருவம் கேல்குலஸோடு கூடிய பிசிக்ஸ் படித்தே ஆகவேண்டும், அதிலிருந்து தப்பிக்க எளிமையான மாற்று வழி கிடையாது. அதனால் வருகிற பிள்ளை அந்தக் கணக்குச் சுமையைத் தாங்குமா என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும், அதற்குத் தேர்வு உதவுகிறது, வசதியில்லாத பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்குக்கூட. அதே விளக்கத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்களுக்கு முன்னுரிமை தருவதில்லை என்றும் சொன்னார். நம் வாட்ஸ்அப் குழுக்களில் முதல் பாதி மட்டும் சுற்றியது. "பார்த்தீங்களா, எஸ்ஏடி திரும்ப வந்துடுச்சு" என்று. இரண்டாவது பாதியை யாரும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

ரோலர் கோஸ்டருக்கு முன்னால் உயரம் பார்க்க ஒரு கோடு போட்டிருப்பார்கள் இல்லையா, இதுவும் அந்தக் கோடுதான். கோட்டைத் தாண்டாத பிள்ளையை ஏற்றமாட்டார்கள். தாண்டின பிள்ளை இன்னும் இரண்டு அங்குலம் கூடுதல் உயரம் என்பதற்காக முன் சீட்டும் தரமாட்டார்கள்.

எம்ஐடியில் சேருகிறவர்களின் எஸ்ஏடி கணித மதிப்பெண்ணைப் பார்த்தால் நடுப்பாதிப் பேர் 780க்கும் 800க்கும் நடுவில்தான் இருப்பார்கள். இதைப் பார்த்ததும் "அப்போ 800 வேணும்" என்று நாம் முடிவு கட்டுகிறோம். கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். வருடத்துக்குச் சுமார் 1,100 பேர் சேருகிற இடத்துக்கு 28 ஆயிரத்துக்கும் மேல் விண்ணப்பம் வருகிறது. இடம் கிடைக்காத ஆயிரக்கணக்கான பிள்ளைகளிடமும் அதே 790, அதே 800 இருக்கிறது. எல்லோரிடமும் இருக்கிற ஒன்று யாரையும் தனியாகக் காட்டாது. அதற்கும் மேல், ஒரே பிள்ளை அடுத்த மாதம் திரும்ப எழுதினால் முப்பது நாற்பது மதிப்பெண் இப்படி அப்படி ஆவது சகஜம், தேர்வை நடத்துகிற காலேஜ் போர்டே மதிப்பெண்ணை ஒரு புள்ளியாகப் பார்க்காமல் ஒரு வரம்பாகப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது. இந்த நிலையில் 1540 எடுத்த பிள்ளையை 1570க்காக மூன்றாவது தடவை உட்கார வைப்பது, மன்னிக்கவும், நம்முடைய நிம்மதிக்காகச் செய்கிற காரியம். ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று போனால் போகட்டும் என்பீர்கள். ஒரு சனிக்கிழமையா போகிறது? கோடை முழுக்கப் போகிறது.

சரி, எஸ்ஏடி கணிதத்தில் என்னதான் இருக்கிறது? 70 நிமிடம், 44 கேள்வி, திரையிலேயே டெஸ்மாஸ் கால்குலேட்டர். அல்ஜீப்ரா, கொஞ்சம் ஜியோமெட்ரி, கொஞ்சம் ட்ரிகோனோமெட்ரி, டேபிளைப் படித்துப் பதில் சொல்வது. கேல்குலஸ் கிடையாது, பிசிக்ஸ் என்ற பேச்சே கிடையாது. எஸ்ஏடிக்குப் பதிலாக எழுதுகிற ஏசிடியில் சயின்ஸ் என்று ஒரு கட்டாயப் பகுதி இருந்தது, அதுவும் பெரும்பாலும் கிராஃப் படிப்பதுதான், 2025இலிருந்து விருப்பப்பட்டால் எழுதலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆக, இன்ஜினியரிங் படிக்கப் போகிற பிள்ளைக்கு எது உண்மையில் தேவையோ அதை இந்தத் தேர்வுகள் தொடுவதே இல்லை.

அதைத் தொடுகிற தேர்வு ஒன்று இருந்தது. மூத்த பிள்ளையை 2020க்கு முன்னால் கல்லூரிக்கு அனுப்பியவர்களுக்கு நினைவிருக்கும்: எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட். 1937இல் அச்சீவ்மென்ட் டெஸ்ட் என்று தொடங்கி, நடுவில் எஸ்ஏடி டூ என்று பெயர் மாறி, கடைசியில் சப்ஜெக்ட் டெஸ்ட் ஆனது. ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம். கணிதம் லெவல் டூ என்றால் 50 கேள்வி, பிசிக்ஸ் 75, கெமிஸ்ட்ரி 85, தப்பான பதிலுக்குக் கால் மார்க் போகும், பிசிக்ஸுக்குக் கால்குலேட்டர் கூடாது. எம்ஐடி ஒரு கணிதமும் ஒரு சயின்ஸும் கேட்டது, கால்டெக் கணிதத்தில் லெவல் டூதான் வேண்டும் என்றது. கணிதம் லெவல் டூவில் ஆறு ஏழு கேள்வி போனாலும் 800 வந்துவிடும், அவ்வளவு தாராளமான தேர்வு. அதாவது அதுவும் கோடுதான், ரேங்க் பட்டியல் இல்லை. அப்போதும் நாம் என்ன செய்தோம்? இரண்டு கேட்டால் ஐந்து எழுத வைத்தோம். 780 வந்தால் திரும்ப எழுத வைத்தோம்.

2020 மார்ச்சில் எம்ஐடி இனிமேல் சப்ஜெக்ட் டெஸ்ட்டைப் பார்ப்பதில்லை என்றது. 2021 ஜனவரி 19 அன்று காலேஜ் போர்டு கடையையே மூடிவிட்டது. அமெரிக்காவில் உடனடியாக நின்றது, வெளிநாடுகளில் அந்த வருடம் ஜூன் வரை நடந்து முடிந்தது. பிள்ளைகளுக்குச் சுமை குறைகிறது, ஏபி பரவலாகிவிட்டது, இது தேவையில்லை என்று காரணம் சொன்னார்கள். பலரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம் இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

சப்ஜெக்ட் டெஸ்ட்டுக்கு எந்த வகுப்பும் எடுத்திருக்கத் தேவையில்லை. பள்ளியில் நல்ல பிசிக்ஸ் ஆசிரியர் இல்லாத பிள்ளையும் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துத் தானாகப் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில்கூடப் போய் எழுதிவிட்டு, ஜனவரி விண்ணப்பத்தில் அந்த மதிப்பெண்ணைக் காட்டலாம். ஏபியில் இந்தக் காலக்கணக்கு ஒத்துவராது. ஏபி தேர்வு வருடத்துக்கு ஒரே தடவை, மே மாதத்தில். மதிப்பெண் ஜூலையில். பிசிக்ஸ் சி என்கிற ஏபி பாடம் பெரும்பாலான பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்குத்தான். எம்ஐடி முடிவு சொல்வது மார்ச்சில், பெரும்பாலும் 14ஆம் தேதி (கணிதத்தின் பை எண் 3.14 என்பதால் அது பை நாள்). கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டாம் வகுப்பில் எழுதுகிற ஏபி தேர்வின் மதிப்பெண் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கல்லூரி பார்ப்பது அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறான் என்பதையும் அரையாண்டு கிரேடையும் மட்டும்தான். இது தெரியாமல், "பன்னிரண்டாவதில் ஆறு ஏபி, எல்லாத்துலயும் ஐந்து வாங்கிட்டா பிரின்ஸ்டனுக்கு ஈஸி" என்று என்னிடம் சொன்ன அப்பா ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், எக்செலில் பிள்ளைக்கு நான்கு வருடத் திட்டமே போட்டிருந்தார், ஒவ்வொரு ஏபிக்கும் ஒரு நிறம். தேதிக்கு மட்டும் அதில் ஒரு பத்தி இல்லை.

இனி நம் சமூகத்தின் ஏபி சேகரிப்பைப் பற்றி. இதில்தான் எனக்கு உங்களோடு பெரிய சண்டை.

எந்த ஏபி என்று கேட்பதை விட்டு எத்தனை ஏபி என்று கேட்கிறோம். ஹியூமன் ஜியாகிரஃபி, சைக்காலஜி, என்விரான்மென்டல் சயின்ஸ், எல்லாம் நல்ல பாடம்தான், பிள்ளைக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் எண்ணிக்கைக்காக அதையெல்லாம் அடுக்கிவிட்டு, 'பிசிக்ஸ் ஒன்று' என்கிற ஏபியோடு நிறுத்திக்கொண்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். பிசிக்ஸ் ஒன்று என்பது அல்ஜீப்ராவோடு நிற்பது. பிசிக்ஸ் சி கேல்குலஸோடு வருவது, மெக்கானிக்ஸ் தனித் தேர்வு, மின்சாரமும் காந்தமும் தனித் தேர்வு, 2025லிருந்து ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் பெரியது. மேலேயிருந்து விழுகிற பொருளுக்குக் காற்றுத் தடை வேகத்தோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகிறது, அதன் வேகம் எப்படி மாறும் என்று சி வகுப்பில் கேட்பேன். ஏபி கேல்குலஸ் பிசியில் ஐந்து வாங்கின பிள்ளை, நான் சமன்பாட்டை எழுதிக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் தீர்த்துவிடும். அந்தச் சமன்பாட்டை நீயே எழுது என்றால் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்த விசை எந்தப் பக்கம், எதற்கு மைனஸ் போடுவது, அங்கேதான் சிக்கல். கல்லூரியில் முதல் வருடம் முழுக்க அந்த வேலைதான்.

அப்புறம், ஏபி எடுத்தால் கல்லூரியில் அந்தப் பாடம் கழிந்து ஃபீஸ் மிச்சமாகும் என்ற கணக்கு. பர்டியூ, ஜார்ஜியா டெக், டெக்சஸ் ஆஸ்டின் மாதிரி மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏபிக்கு கிரெடிட் நன்றாகவே தருகிறார்கள், அங்கே இந்தக் கணக்கு சரி. கால்டெக்கிலும் ஹார்வி மட்டிலும் ஏபிக்கு கிரெடிட் கிடையாது. எம்ஐடியில் கேல்குலஸ் பிசி ஐந்துக்கு முதல் கேல்குலஸ் பாடம் கழியும், சைக்காலஜி ஐந்துக்கு அந்த மாதிரி எதுவும் கழியாது.

கடிதம் எழுதுகிறவன் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். எம்ஐடி இரண்டு ஆசிரியர்களிடம் கடிதம் கேட்கிறது, கணிதம் அல்லது சயின்ஸ் ஒருவர், மொழி, வரலாறு பக்கம் ஒருவர். நான் அந்தக் கடிதத்தில் "இந்தப் பையன் பன்னிரண்டு ஏபி எடுத்தான்" என்று எழுத முடியாது, அது டிரான்ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. "எஸ்ஏடி 1580" என்று எழுத முடியாது, அதுவும் அவர்களிடம் இருக்கிறது. வேறு எங்கும் இல்லாத ஒன்றை எழுதினால்தான் அது கடிதம்.

எப்படிப்பட்டது என்று ஒரு உதாரணம். மேசை மேல் ஒரு சின்ன வண்டி, அதில் கட்டின நூல் ஒரு கப்பி வழியாகக் கீழே இறங்கி அதில் ஒரு எடை தொங்கும், எடையை விட்டால் வண்டி ஓடும். எல்லாப் பள்ளியிலும் செய்கிற பரிசோதனை. அளந்த முடுக்கம் எப்போதும் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். வகுப்பில் பெரும்பாலோர் "உராய்வு" என்று ஒரே வார்த்தை எழுதி ரிப்போர்ட்டை மூடிவிடுவார்கள், மார்க்கும் வந்துவிடும். ஒரு மாணவி மூடவில்லை. வண்டியில் இருந்த எடைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொங்கும் பக்கம் மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்த்தாள். உராய்வு மட்டும்தான் காரணம் என்றால் தொங்கும் எடை கூடக்கூட அந்தக் குறைவின் பங்கு சுருங்கிக்கொண்டே போக வேண்டும், இது ஒரு அளவுக்கு மேல் சுருங்க மாட்டேன் என்கிறதே சார் என்று கிராஃபோடு வந்து நின்றாள். கப்பியைச் சுற்ற வைக்கவே கொஞ்சம் விசை செலவாகிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள், அந்தப் பாடம் வகுப்பில் வருவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. பள்ளி முடிந்து எல்லோரும் போனபின் செய்த வேலை அது. அவளுக்கு எழுதின கடிதத்தை நான் ஒரே உட்காரலில் முடித்தேன். அந்த வாரமே பதினான்கு ஏபி எடுத்த பையன் ஒருவனுக்கு எழுத உட்கார்ந்து, "கடின உழைப்பாளி, பொறுப்பானவன்" என்பதைத் தாண்டி ஒரு வரி நகரவில்லை. பையன் மேல் தப்பில்லை. அவனுக்குக் கப்பியைப் பார்க்க நேரம் எங்கே இருந்தது? மூன்று மணிக்குப் பள்ளி விட்டால் நான்கு மணிக்கு எஸ்ஏடி வகுப்பு.

இதைப் படித்துவிட்டு "சரி, அப்போ கப்பி புராஜெக்ட் ஒண்ணு செய்ய வைக்கலாமா" என்று யாராவது கேட்டால் நான் அழுதுவிடுவேன். ஆனால் கேட்பீர்கள் என்று தெரியும். எம்ஐடி விண்ணப்பத்தில் மேக்கர் போர்ட்ஃபோலியோ என்று ஒன்று அனுப்பலாம், பிள்ளை தானாகச் செய்த பொருளைக் காட்ட. அதற்கும் இப்போது கோச்சிங் வந்துவிட்டது.

இன்னொன்று, என்னிடம் நேரே கேட்கமாட்டீர்கள், ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஏசியன் பிள்ளைகளுக்கு மட்டும் கோட்டை உயரமாகப் போட்டிருக்கிறார்கள் என்கிற சந்தேகம். அது முழுக்க ஆதாரமில்லாத பேச்சு என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஜூனில் ஹார்வர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. அடுத்த வருடம் எம்ஐடியில் சேர்ந்த வகுப்பில் ஆசிய அமெரிக்கர்கள் 47 சதவீதம், அதற்கு முந்தைய நான்கு வகுப்புகளில் 41. அதே சமயம் கறுப்பின மாணவர்கள் 13லிருந்து 5க்கு வந்துவிட்டார்கள், அதையும் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கணக்கைச் சொல்வது நேர்மையில்லை. எப்படியானாலும் இதற்கெல்லாம் 1540ஐ 1580 ஆக்குவது பதிலாகாது. போட்டிக்கு நிற்கிறவர்களில் ஏராளமானோர் உங்கள் பிள்ளை மாதிரியே மதிப்பெண் வைத்திருக்கும்போது, அந்த மதிப்பெண்ணையே இன்னும் கொஞ்சம் ஏற்றினால் அவன் கூட்டத்தில் இன்னும் நன்றாகக் கலந்துதான் போவான்.

கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்கள், பெர்க்லி உட்பட, எஸ்ஏடியைக் கேட்பதும் இல்லை, அனுப்பினாலும் அட்மிஷனுக்குப் பார்ப்பதும் இல்லை. ஜார்ஜியா டெக், பர்டியூ, டெக்சஸ் ஆஸ்டின் மூன்றும் கேட்கின்றன. கால்டெக் சில வருடம் பார்க்கவே மாட்டோம் என்று இருந்துவிட்டு 2024 ஏப்ரலில் திரும்பக் கட்டாயமாக்கியது. டெக்சஸில் இருப்பவர்கள் பள்ளியில் முதல் ஐந்து சதவீதத்தில் வந்தால் ஆஸ்டினில் இடம் உறுதி என்று சந்தோஷப்படுகிறீர்கள், அது பல்கலைக்கழகத்துக்கு, இன்ஜினியரிங்குக்கு அல்ல. பர்டியூவில் முதல் வருடம் எல்லோருக்கும் பொது இன்ஜினியரிங், அப்புறம்தான் பிரிவு. இதையெல்லாம் கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் படியுங்கள். அத்தை மகன் சொன்னான் என்று முடிவெடுக்காதீர்கள், அவன் சேர்ந்தது 2016இல்.

நான் என்ன செய்யச் சொல்கிறேன் என்றால், வரிசையை மட்டும் பாருங்கள். பதினொன்றாவது முடிவதற்குள் எஸ்ஏடியை ஒரு தடவை, தேவைப்பட்டால் இரண்டாவது தடவை. எம்ஐடி இரண்டு தடவையிலும் எந்தப் பகுதியில் அதிகமோ அதை எடுத்துக்கொள்ளும். கணிதத்தில் எழுநூற்று எண்பதைத் தொட்டுவிட்டால் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். கேல்குலஸ் பதினொன்றாவதிலேயே முடிகிற மாதிரி பள்ளியில் பாதை இருந்தால் பிள்ளை அதில் போகட்டும், பிசிக்ஸ் ஒன்றுக்குப் பதிலாக மெக்கானிக்ஸ் சியைப் பதினொன்றாவதில் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, அந்த மதிப்பெண் ஜூலையில் வந்து விண்ணப்பத்தில் ஏறும். முடியவில்லை என்றால் குடி ஒன்றும் முழுகிவிடாது. பன்னிரண்டாவதில் எடுக்கட்டும், அரையாண்டு கிரேடு போகும், எம்ஐடி பிப்ரவரியில் அதற்கென்றே ஒரு படிவம் வாங்குகிறது.

பள்ளியில் பிசிக்ஸ் சியே இல்லை என்பவர்கள், எழுதுகிறேன் என்று சொல்லிப் பல நாள் ஆகிவிட்டது, உங்களுக்குத்தான் இந்தக் கடைசிப் பகுதி. சப்ஜெக்ட் டெஸ்ட் போனதில் உண்மையில் அடிபட்டது நீங்கள், ஏபி நிறைய இருக்கும் பணக்கார ஊர்ப் பள்ளிகள் அல்ல. மூன்று வழி இருக்கிறது. முதலாவது, பக்கத்துக் கவுன்டி காலேஜ், அதாவது கம்யூனிட்டி காலேஜ். கேல்குலஸோடு கூடிய பிசிக்ஸ் அங்கே மாலை வகுப்பாக இருக்கும், ஹைஸ்கூல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் திட்டமும் பெரும்பாலும் உண்டு, இலையுதிர்காலப் பருவத்தின் கிரேடு டிசம்பரில் வந்துவிடும். நம்மவர்களுக்கு கம்யூனிட்டி காலேஜ் என்றாலே ஒரு இளக்காரம், அதை விடுங்கள். அங்கே வேலை முடித்துவிட்டு வந்து உட்காருகிற முப்பது வயது மாணவர்களோடு சேர்ந்து படித்து ஏ வாங்குகிற பதினேழு வயதுப் பிள்ளையைப் பற்றி அட்மிஷன் ஆபீஸுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது, கால்டெக் 2023இலிருந்து ஒரு வழி வைத்திருக்கிறது: பள்ளியில் கேல்குலஸோ பிசிக்ஸோ கெமிஸ்ட்ரியோ இல்லாதவர்கள் கான் அகாடமியில் படித்து 90 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்துக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்கள். இலவசம்.

மூன்றாவது, ஏபி தேர்வை வகுப்பு எடுக்காமலும் எழுதலாம். உங்கள் பள்ளியில் அந்தத் தேர்வு நடக்கவில்லை என்றால் பக்கத்துப் பள்ளியின் ஏபி ஒருங்கிணைப்பாளரிடம் இடம் கேட்க வேண்டும், தருவதும் தராததும் அந்தப் பள்ளியின் விருப்பம். மே மாதத் தேர்வுக்கு நவம்பர் நடுவிலேயே பள்ளிகள் வினாத்தாளுக்கு ஆர்டர் கொடுத்து முடித்துவிடும், பல பள்ளிகள் அதற்கும் முன்னாலேயே பெயர் பதிவதை நிறுத்திவிடும். ஏப்ரலில் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. செப்டம்பர் முதல் வாரத்தில் கேளுங்கள். போன் செய்வதைவிட ஈமெயில் நல்லது, பிள்ளையே எழுதட்டும், நீங்கள் சிசியில் இருந்தால் போதும்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பிசிக்ஸ் வாத்தியார்